காதடிப் பட்டை

அந்தக் குதிரையைப் பற்றி நான் புகழ்ந்து எழுதுவேன் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம். ஒன்றரை வருடம் அது என் பிராணனை வாங்கியது. காலையில் வண்டியில் பூட்டினால் மறுவீட்டுக்குப் போகிற மாப்பிள்ளை மாதிரி அடக்க ஒடுக்கமாக நடக்கும். சாயங்காலம் திரும்பும்போது அதே பாதை, அதே வண்டி, அதே நான். ஆனால் அதற்குப் பேய் பிடித்துவிடும். தலையை உதறும், பக்கவாட்டில் நடக்கும், நட்டநடு ரோட்டில் நின்றுகொண்டு மோட்டார் பஸ்ஸுக்கு வழி விடமாட்டேன் என்று அடம்பிடிக்கும். பஸ் டிரைவர் என் குலம் கோத்திரம் எல்லாவற்றையும் விசாரித்துவிட்டுப் போவான்.

எங்கள் ஊர் நாகர்கோவிலுக்கு மூன்று மைல் தள்ளி, வயலுக்கு நடுவே இருந்தது. நான் டவுனில் மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியார். என் மனைவி பக்கத்திலேயே பெண் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தாள். இருவரும் நடந்தே போய் வந்தோம். ஒரு ஆனி மாதம் மழையில் நனைந்து, சேலை முழங்கால் வரைக்கும் சேறாகப் பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்தபோது அவள், "ஒரு வண்டி இருந்தா நல்லா இருக்கும்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். குதிரை என்று அவள் சொல்லவே இல்லை. மாமனார் ஒரு காளைமாடு தருகிறேன் என்றார். எனக்குக் காளைவண்டி ஒத்துவரவில்லை. ஜட்காவில் போய் இறங்குகிற வாத்தியார் என்று நாலு பேர் சொல்ல வேண்டும் என்று ஆசை. எனக்கு அப்போது முப்பது வயது என்பதைத் தவிர அந்த ஆசைக்கு வேறு காரணம் கிடையாது.

ஆரல்வாய்மொழியில் ஒருவன் குதிரை விற்கிறான் என்று கேள்விப்பட்டுப் போனேன். கணவாய்க் காற்று, வாயைத் திறந்தால் பேச்சைப் பிடுங்கிக்கொண்டு போகும். செங்குதிரை, ஆறு வயது, நல்ல கால்கள். அது காற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது. விற்கிறவன் யோக்கியன். அதன் இடது காதை மடக்கிப் பிடித்து, காதுக்குக் கீழே கழுத்து தொடங்கும் இடத்தில் மயிர் சுருண்டிருப்பதைக் காட்டினான்.

"சாரே, சுழி இருக்கு, பாத்துக்கிடுங்க. பெண்டிழந்தான் சுழி. இதை வச்சிருக்கிறவன் பெஞ்சாதியை இழப்பான்னு சொல்லுவாவ. பொறவு நான் மறைச்சு வித்தேன்னு பேசப்பிடாது."

எனக்குச் சிரிப்பு வந்தது. சபையில் நாள், நட்சத்திரம், சகுனம் எல்லாம் வீண் என்று பிரசங்கம் செய்கிறவன் நான். அந்தக் காற்றிலும் அவனுக்குக் கால் மணி நேரம் புத்தி சொன்னேன். அவன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப கொண்டு போங்க" என்று கயிற்றைக் கையில் கொடுத்தான்.

அங்கிருந்து நேரே வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். போகவில்லை. கோட்டாற்றில் தோல் தைக்கிறவரிடம் நின்று, நாலு விரல் அகலத்தில் ஒரு பட்டை தைக்கச் சொல்லி, கடிவாள வாரோடு சேர்த்து அந்தச் சுழிக்கு மேலே இறுக்கிக் கட்டிக்கொண்டேன். சுழியை நான் நம்பவில்லை. மாமியார் நம்புவாள், சபையில் பாதிப் பேர் வெளியே சொல்லாமல் நம்புவார்கள், எதற்கு வீண் பேச்சு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நம்பாதவனுக்கு அதை மூட என்ன அவசரம் என்று வழியில் ஒருவர் கேட்டிருந்தால் திண்டாடியிருப்பேன். யாரும் கேட்கவில்லை.

வீட்டில் மனைவி மட்டும் கேட்டாள். "இது என்னத்துக்கு? மத்தக் குதிரைக்கெல்லாம் இப்படிப் பட்டை இல்லியே?"

"காதிலே ஈ மொய்க்காம இருக்கதுக்கு" என்றேன். சட்டென்று வாயில் வந்தது. அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். நான் சொன்னால் நம்புகிறவளாக அப்போது இருந்தாள்.

பழைய ஜட்கா ஒன்றையும் வாங்கிப் பூட்டினேன். முதல் ஒரு மாதம் குதிரை தங்கம். மனைவி பள்ளிக்கூட வாசலில் இறங்கும்போது பிள்ளைகள் ஓடிவந்து குதிரைக்குப் புல் கொடுப்பார்கள். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். இரண்டாவது மாதம் தொடங்கியது வினை. முதலில் காதைத் தொடவிடாது. அப்புறம் தலைப்பக்கமே போகவிடாது. கடிவாளம் மாட்டுவதற்குள் எனக்கு வேர்த்துக் கொட்டும், வேட்டி அவிழும். மனைவி முற்றத்தில் புத்தகப் பையோடு நின்றுகொண்டு, "மணி ஆகுது" என்பாள். மணி ஆவது எனக்குத் தெரியாதா?

நான் செய்து பார்க்காதது கிடையாது. கருப்பட்டி கொடுத்தேன். கருப்பட்டியைத் தின்றுவிட்டு உதைத்தது. தேங்காய்ப் பிண்ணாக்கு கொடுத்தேன், முதுகைத் தேய்த்துவிட்டேன், கோபம் தாங்காமல் இரண்டு தடவை அடித்தும் பார்த்தேன். அடித்த பிறகு மூன்று நாள் என்னைக் கண்டதும் தொழுவத்தின் மூலைக்குப் போய் நின்றுகொண்டது. பாலத்தைக் கண்டு மிரளுகிறது என்று நினைத்துப் பாலம் இல்லாத வழியாக ஒரு மைல் சுற்றிப் போனேன். அங்கேயும் அதே கூத்து. நிழலைக் கண்டு பயப்படுகிறதோ, வயிற்றுக் கோளாறோ, என் குடையைப் பிடிக்கவில்லையோ என்று ஒவ்வொன்றாகச் சந்தேகப்பட்டேன். குடையை வீட்டில் வைத்துவிட்டு ஒரு வாரம் வெயிலில் காய்ந்தேன்.

கடைசியில் கோட்டாற்றில் ஜட்கா ஓட்டும் ஒரு சாயபுவைக் கூட்டிவந்தேன். பிறந்ததிலிருந்து குதிரைகளோடு இருக்கிற மனிதர். அவர் குதிரையைச் சுற்றி ஒரு நடை நடந்தார். பல்லைப் பார்த்தார், குளம்பைத் தட்டினார். பிறகு கேட்டார்: "காலையிலே சும்மா இருக்கு, வேர்த்தப் பொறவுதான் ஆட்டம் போடுது. அப்படித்தானே சாரே?"

"அதே."

"அந்தப் பட்டையைக் கொஞ்சம் அவுருங்க. பாக்கட்டு."

என் மனைவி அடுக்களை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். சாயபுவுக்குச் சுழியெல்லாம் அத்துப்படி. பார்த்த மாத்திரத்தில் பெயரைச் சொல்லிவிடுவார்.

"பட்டையெல்லாம் சரியாத்தான் இருக்கு" என்றேன்.

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். "உங்க குதிரை சாரே" என்று சொல்லிவிட்டு, கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டுப் போய்விட்டார். அந்த ஒரு நிமிடத்தில் நான் வாயை மூடிக்கொண்டு பட்டையை அவிழ்த்திருந்தால் இதை எழுத வேண்டிய வேலையே வந்திருக்காது.

அடுத்த வாரம் வண்டி கவிழ்ந்தது. நடந்ததை ஊருக்கு நான் அப்போது எப்படிச் சொன்னேனோ அப்படியே முதலில் சொல்கிறேன். பள்ளிக்கூடம் விட்டுத் திரும்புகிறோம். நல்ல வெயில். சானல்கரை ரோட்டில் ஒரு பக்கம் வாய்க்கால், மறுபக்கம் வயல். நான் முன்னால் கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், அவள் எனக்குப் பின்னால். குதிரை திடீரென்று தலையை உதறி, முன்னங்கால்களைத் தூக்கி, வாய்க்கால் பக்கமாக ஓடியது. சக்கரம் கரையை விட்டு இறங்கியது. இருவரையும் வண்டி தூக்கி எறிந்தது. நான் கரையில் விழுந்து முழங்காலைச் சிராய்த்துக்கொண்டேன். அவள் வண்டியோடு வாய்க்காலில் விழுந்தாள். வலது மணிக்கட்டு முறிந்தது.

எலும்பு கட்டுகிற ஆசானிடம் கொண்டுபோனோம். மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார். நாற்பது நாள் கை அசையக் கூடாது என்றார். கட்டை அவிழ்த்தபோது மணிக்கட்டு லேசாக வளைந்து கூடியிருந்தது. அந்த நாற்பது நாளும் அவள் இடது கையால் கரும்பலகையில் எழுதினாள். பள்ளிக்கூடத்துக்கு நடந்தே போனாள்.

"இனி அந்த வண்டியிலே நான் ஏற மாட்டேன்" என்று ஒரே தடவை சொன்னாள். அழவில்லை, சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் நானும் பதிலுக்குக் கத்திவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன்.

குதிரையைத் தொலைத்துவிடு என்று மாமனாரும் சொன்னார், சபை மூப்பரும் சொன்னார். முடியாது என்றேன். விற்றால் சுழி பலித்துவிட்டது என்று ஆகிவிடும் அல்லவா? சுழி இருப்பதே என்னைத் தவிர ஊரில் யாருக்கும் தெரியாது. இல்லாத எதிரியோடு மல்லுக்கட்டிக்கொண்டு நின்றேன்.

கட்டை அவிழ்த்த வாரம், ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்ததும் அவள் நேரே தொழுவத்துக்குப் போனாள். நான் பின்னாலேயே ஓடினேன். குதிரை காதைப் பின்னுக்கு மடக்கிக்கொண்டது.

"கிட்டே போகாதே, கடிக்கும்" என்றேன்.

"ஈ மொய்க்காம இருக்கப் பட்டை போட்டியளே, அந்த இடத்திலேதான் ஈ முழுசும் இருக்கு. நீங்க பாக்கலியா?"

அப்போதுதான் பார்த்தேன். பட்டையின் ஓரத்தில் ஈக்கள் கறுப்பாக அப்பியிருந்தன. பல மாதமாகத் தினமும் அந்தப் பட்டையை மாட்டுகிறவன் நான். மாட்டும்போதெல்லாம் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு மாட்டியிருக்கிறேன். அந்த இடத்தைக் கண்ணால் பார்க்க எனக்குப் பிடிக்காது. ஏன் பிடிக்காது என்று யோசிக்கவும் பிடிக்காது.

அவள் இடது கையை மெல்ல நீட்டி, குதிரையின் கழுத்தில் வைத்து, ஏதோ தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டே கொக்கியைக் கழற்றினாள். குதிரைக்கு உடம்பு முழுக்க நடுங்கியது. ஆனால் நின்றது. பட்டை தோலோடு ஒட்டிக்கொண்டு, பிய்த்துக்கொண்டு வந்தது. உள்ளே உள்ளங்கை அகலத்துக்குப் புண். சீழும் ரத்தமும் நாற்றமும். தினமும் வேர்வை அதில் இறங்கியிருக்கிறது. பச்சைப் புண்ணில் உப்புத்தண்ணீர் பட்டால் மனுஷன் என்ன ஆட்டம் ஆடுவான்? அந்த வாயில்லாப் பிராணி அதற்காகத்தான் தலையை உதறியது, அதற்காகத்தான் நான் அதை அடித்தேன். புண்ணுக்கு நடுவே அந்தச் சுழி மட்டும் அழியாமல் இருந்தது.

"இது என்ன சுழி?" என்று கேட்டாள்.

சொன்னேன். பெயரையும் சொன்னேன், ஆரல்வாய்மொழிக்காரன் சொன்னதையும் சொன்னேன்.

அவள் பட்டையைப் புரட்டிப் பார்த்தாள். பிறகு சொன்னாள்: "சுழியை நான் நம்பலே. உங்களை நம்பினேன். நீங்க சுழியை நம்பியிருக்கிய, என்னை நம்பலே."

எனக்கு மகா கோபம் வந்தது. நான் நம்பவில்லை, நம்பவில்லை என்று தொழுவத்தில் நின்று கத்தினேன். குதிரை மிரண்டு பின்வாங்கியது. அவள் பட்டையைத் தூக்கிச் சாணிக்குழியில் போட்டுவிட்டு வேப்பெண்ணெய் எடுக்க உள்ளே போனாள்.

வேப்பெண்ணெயில் கற்பூரம் குழைத்து இரண்டு வேளை போட்டோம். அதாவது அவள் போட்டாள். என்னைக் கிட்டே விடவில்லை அது. ஒரு வாரத்தில் அவள் கையை ஏற்றுக்கொண்டுவிட்டது. மூன்று வாரத்தில் புண் ஆறிவிட்டது. நான் காதுக்கு அருகே கை கொண்டுபோனால் மட்டும் பல்லைக் காட்டியது. தீவனம் வைக்கிறவன் நான், தண்ணீர் காட்டுகிறவன் நான், சாணி அள்ளுகிறவனும் நான்தான். நன்றி கெட்ட ஜென்மம் என்று திட்டினேன். நன்றி எதற்கு என்று அது திருப்பிக் கேட்க முடியாத தைரியத்தில் திட்டினேன்.

சாயபுவிடம் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. அதற்கே அவருக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

"கையைக் கொண்டு போகாதீங்க சாரே. கையை நீட்டி வச்சுக்கிட்டு சும்மா நில்லுங்க. அது வரட்டு."

"எவ்வளவு நேரம்?"

"அது அதுக்கில்லா தெரியும்."

நின்றேன். தினமும் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் தொழுவத்தில் ஒரு கையை நீட்டிக்கொண்டு, இன்னொரு கையில் மாணவர்களின் நோட்டுப் புத்தகங்களை வைத்துப் படித்துக்கொண்டு நின்றேன். தோள் கடுக்கும். கொசு பிடுங்கும். அந்தக் குதிரை என்னைப் பார்க்காத மாதிரி வைக்கோலைத் தின்னும். ஒரு நாள் எட்டிப் பூகோள நோட்டு ஒன்றில் கால்வாசியைத் தின்றுவிட்டது. மறுநாள் வகுப்பில் அந்த மாணவனிடம் நான் என்ன சொல்வது? என் குதிரை தின்றுவிட்டது என்று சொன்னேன். வகுப்பு ஒரு வாரம் சிரித்தது.

சுழி இப்போது ஊருக்கே தெரிந்துவிட்டது. மாமியார் வந்து அழுதாள். சபை மூப்பர், நம்பிக்கை இல்லைதான் என்றாலும் எதற்கு வம்பு என்றார். இதைத்தான் நானும் கோட்டாற்றில் நின்று நினைத்தேன். அவர் வாயால் கேட்டபோது எரிச்சலாக வந்தது.

இத்தனைக்கும் மேலே இன்னொரு கூத்து. காலையில் மனைவி கடிவாளத்தை மாட்டிக் கொடுத்துவிட்டு நடந்து போவாள். குதிரைக்கு வண்டிப் பழக்கம் விட்டுப்போகக் கூடாது என்று நான் காலி வண்டியை ஓட்டிக்கொண்டு அவளுக்குப் பின்னால் போவேன். முன்னால் போகக் கூடாது, புழுதி அவள் மேல் படும். வேகமாகவும் போக முடியாது. பெண்சாதி புத்தகப் பையோடு நடக்க, புருஷன் காலி ஜட்காவில் பின்தொடர்ந்தால் ஊர் சும்மா இருக்குமா? வயலில் நடவு நட்டுக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து நின்று, "சாரே, டீச்சரு வண்டிக்கு வழி காட்டுகாவளா?" என்று கேட்டார்கள். அவள் திரும்பியே பார்க்க மாட்டாள். "ஏட்டி, ஏறு" என்று முதல் மாதம் தினமும் சொன்னேன். இரண்டாம் மாதம் வாரத்துக்கு ஒரு தடவை சொன்னேன். அப்புறம் கேட்க வெட்கமாக இருந்தது. அவள் கோபமாகவும் இல்லை. சோறு போடுவாள், பேசுவாள், சிரிப்பாள். வண்டியில் மட்டும் ஏற மாட்டாள். குதிரை திருந்திவிட்டது, சாயங்காலத்திலும் பூ மாதிரி நடக்கிறது, பிறகு இவளுக்கு என்ன பிடிவாதம் என்று மனதுக்குள் பொருமிக்கொண்டே பின்னால் போவேன்.

புரட்டாசிக் கடைசியில் ஒரு நாள், தொழுவத்தில் கட்டுரை நோட்டு படித்துக்கொண்டு நின்றேன். நீட்டிய கையில் ஏதோ சூடாகப் பட்டது. குதிரை தலையைச் சாய்த்து, இடது காதடியை என் உள்ளங்கையில் வைத்திருந்தது. மயிர் முளைத்து, சுழி விரலுக்கு அடியில் தெரிந்தது. அசையாமல் நின்றேன். எனக்கு அழுகை வந்தது, சொல்வதற்கென்ன. என்னை ஏற்றுக்கொண்டதற்காக அழவில்லை. அதற்கு நான் செய்தது அத்தனையும் தெரியும். தெரிந்துகொண்டுதான் வந்து தலையைச் சாய்த்தது. இன்னொரு ஜீவனுக்கும் நான் செய்தது ஒன்று பாக்கி இருந்தது. அதை நான் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை.

ஐப்பசி பிறந்தது. ஒரு காலை மழை அடித்துப் பெய்தது. அவள் குடையைப் பிடித்துக்கொண்டு முன்னால் போகிறாள், சேலை முழங்கால் வரைக்கும் சேறு. நான் வழக்கம்போலப் பின்னால் காலி வண்டியில். சானல்கரையில், வண்டி கவிழ்ந்த அதே இடத்தில், அவள் நின்றுவிட்டாள். நானும் நிறுத்தினேன். அவள் திரும்பி வண்டிக்கு அருகே வந்தாள். குதிரையின் காதடியைத் தடவிக்கொடுத்தாள்.

"இன்னும் ஏதாவது பட்டை இருக்கா?" என்று கேட்டாள்.

எனக்கு விளங்காமல் இல்லை. இறங்கி நின்றேன். மழை முகத்தில் அடித்தது.

"அன்னைக்கு வண்டி என்னைத் தூக்கி எறியலே" என்றேன். "நானாக் குதிச்சேன். சக்கரம் கரையை விட்டு இறங்குததுக்கு முந்தியே கடிவாளத்தை விட்டுட்டுக் குதிச்சேன். நீ பின்னாலே இருக்கது எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் குதிச்சேன்."

"எனக்கும் தெரியும்" என்றாள். "நான் உங்க முதுகைப் பாத்துக்கிட்டுத்தானே இருந்தேன். எப்பச் சொல்லுவியன்னுதான் இத்தனை நாளும் நடந்தேன்."

குடையை மடக்கி வண்டிக்குள் போட்டுவிட்டுக் கையை நீட்டினாள். வலது கை. வளைந்து கூடிய அந்த மணிக்கட்டைப் பிடித்து ஏற்றிவிட்டேன். பிறகு முன்னால் என் இடத்தில் ஏறப் போனேன்.

"அங்கே வேண்டாம்" என்றாள். "குதிரைத் தலையைப் பிடிச்சுக்கிட்டுக் கீழேயே நடங்க. குதிக்கணும்னாலும் குதிக்க முடியாதுல்லா."

நடந்தேன். பெண் பள்ளிக்கூடத்து வாசல் வரைக்கும் அந்த மழையில், முழங்கால் வரைக்கும் சேறாக நடந்தேன். அந்தச் சனியன் பிடித்த குதிரை ஒரு தடவைகூடத் தலையை உதறவில்லை.